ஏத்திச் சொன்ன வயசு

மெத்தைக்காரர் வீட்டில் முதலில் சந்தேகப்பட்டது மாமிதான். செருப்பை வைத்துத்தான் பிடித்தாள்.

மெத்தைக்காரரின் மனைவி பெண்கள் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். பிறந்த குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, காலில் மணியும் நிமிஷமும் எழுதிய பட்டையைக் கட்டித் தொட்டிலில் போடுகிற வேலை. ஒன்பது வருடமாகச் செய்கிறாள். டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் அவளைத் தொட்டிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் ஆஸ்பத்திரியைத் தாண்டித் தெருவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு விடுவார்கள், இரண்டரைக்கு வீட்டில் இருப்பாள். வழி முழுக்கத் தார் ரோடு. எவ்வளவு மழை பெய்தாலும் செருப்பில் கறுப்புத் தண்ணீர்தான் இருக்குமே தவிர மண் இருக்காது.

அந்தப் புதன்கிழமை அவள் ஐந்து மணிக்கு வந்தாள். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பின் அடியில் செம்மண் அப்பிக் கிடந்தது. மாமி விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை உருவி, மண்ணைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"எங்க போயிட்டு வர்ற?"

"டியூட்டி நீண்டுருச்சு மதினி. ஒரே நேரத்துல மூணு பிரசவம்."

"மூணுமே செம்மண்ணுலயா ஆச்சு?"

தொட்டிலக்கா புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உலை வைக்கப் போனாள்.

மாமி மெத்தைக்காரரின் மூத்த சகோதரி. சின்ன வயதிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள், அப்புறம் எங்கேயும் போகவில்லை. அலமாரிச் சாவி, அரிசி டின், யார் எப்போது வருகிறார்கள் போகிறார்கள் என்கிற கவனம் எல்லாம் அவளிடம். மெத்தை உறைகளைத் தைப்பதும் அவள்தான். வீட்டின் முன்னறை முழுக்கப் பஞ்சு. மெத்தைக்காரர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பஞ்சை உதறி, பிய்த்து, உறைக்குள் மூலை முடுக்கெல்லாம் கையால் திணிப்பார். பிறகு ஒரு முழ நீள ஊசியில் கயிற்றைக் கோத்து மேலும் கீழுமாகக் குத்தி இழுப்பார். அவர் தலை, புருவம், சுவரில் மாட்டிய காலண்டர் எல்லாவற்றிலும் பஞ்சுதான். சாப்பிடும்போது நடுக்கதவை இறுக்கச் சாத்திக்கொள்வார்கள், இல்லாவிட்டால் பருப்பில் பஞ்சு மிதக்கும். அந்த மாதம் மழை விடவே இல்லை. ஈரத்தில் பஞ்சு கட்டி கட்டியாகப் பிடித்துக்கொண்டது. வேலை ஓடவில்லை. வேலை ஓடாத வீட்டில் எல்லோருக்கும் எல்லோரையும் கவனிக்க நேரம் இருந்தது.

மாமி கவனித்தாள். தொட்டிலக்காவின் கைப்பைக்குள் ஒரு ஸ்டூடியோ கவர். ஸ்டூடியோவில் எட்டு எட்டு காப்பியாகத்தான் போடுவார்கள், உள்ளே இருந்தது ஐந்து. மூன்று படம் யாருக்குப் போனது? போன் வந்தால் முன்பெல்லாம் அடுப்படியிலேயே நின்று பேசுவாள். இப்போது குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறாள். ஒருநாள் அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில், "வீட்ல யாருக்கும் தெரியாது சார்" என்று சொன்னது மாமியின் காதில் தெளிவாக விழுந்தது.

மகளும் ஒன்றைப் பார்த்திருந்தாள், சொல்லவில்லை. மகளுக்கு இருபத்தைந்து வயது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்து நம்பர் எழுதிக் கொடுக்கிற வேலை. ஒரு மத்தியானம் கடையின் கண்ணாடி வழியாக எதிர்ச்சாரியைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஜெராக்ஸ் கடை வாசலில் உம்மா. பக்கத்தில் பேனா சொருகிய சட்டையுடன் ஒரு ஆள், ஏதோ காகிதத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். உம்மா சிரித்தாள். ஆளைப் பார்த்ததுகூட மகளுக்குப் பெரிதாகப் படவில்லை. உம்மா நடுத்தெருவில் பல் தெரியச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. அன்று மூன்று பேருக்கு நம்பர் தப்பாக எழுதி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மெத்தைக்காரர் இரண்டு பெண்களுக்கு நடுவில் இருந்து பழகியவர். எதையும் கடைசியில்தான் தெரிந்துகொள்வார். ஆனால் அவரிடம்தான் தொட்டிலக்கா வாய்விட்டுக் கேட்டாள்.

"என்னங்க, நம்ம நிக்காஹ் பதிவு இருக்குல்ல பள்ளிவாசல்ல. அதோட நகல் ஒண்ணு வேணும். நீங்க கேட்டாத்தான் தருவாங்களாம்."

அவர் கையில் ஊசி பாதியில் நின்றது. "எதுக்கு?"

"ஆபீஸ்ல கேக்கறாங்க."

"ஒன்பது வருசமா கேக்காதவங்க இப்ப கேக்கறாங்களா?"

"கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவர் நேராக அக்காவிடம் போனார். மாமி தையல் மிஷினை நிறுத்தினாள்.

"நிக்காஹ் பதிவா? தம்பி, பொம்பளை அதை எப்பக் கேப்பா தெரியுமா? குலா கேக்கும்போதுதான் கேப்பா. உறவை முறிச்சுக்கிட்டுப் போறதுன்னா முதல் காகிதம் அதுதான்."

"இருபத்தேழு வருசத்துக்கு அப்புறமா ராத்தா?"

"இப்பதான் கையில சம்பளம் இருக்கு, போன் இருக்கு. மகளுக்கு ஒரு நிக்காஹ் பேசி முடிக்கிற நேரத்துல இவளுக்கு இளமை திரும்புது. நீ பஞ்சுக்குள்ளயே தலையை விட்டுக்கிட்டு இரு."

அவர் பதிவைக் கேட்கப் போகவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம், மழை விடட்டும் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தரகர் லாத்தா வந்தாள். ஊரில் பாதிப் பேருக்குச் சம்பந்தம் பேசி முடித்தவள். குடையை மடக்கி, பஞ்சு ஒட்டாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை லாரி ஆபீஸ் கணக்குப்பிள்ளை, நல்ல குணம், ஒரே ஒரு விஷயம்தான்.

"பொண்ணுக்கு இருபத்திமூணு தாண்டக் கூடாதுங்கறாங்க. இந்தக் காலத்துல எல்லாரும் சின்னப் பொண்ணாத்தான் கேக்கறாங்க. ஆனா படிச்சிருக்கணும், வேலையும் பாக்கணும். படிச்சு முடிச்சு வேலைக்கும் போயிட்டு சின்னப் பொண்ணாவும் இருக்கணும்னா தொட்டில்லயே பரீட்சை எழுதணும்."

மாமி சிரித்தாள். "நம்ம பிள்ளைக்கு இருபத்திரண்டுதான் நடக்குது."

டீயோடு வந்த மகள் வாசற்படியிலேயே நின்றாள். "மாமி—"

"நீ டீயைக் கொடு."

அப்போதுதான் தொட்டிலக்கா டியூட்டி முடிந்து உள்ளே வந்தாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கேட்டுக்கொண்டேதான் வந்திருக்கிறாள்.

"இருபத்தஞ்சு லாத்தா. போன மாசத்தோட இருபத்தஞ்சு முடிஞ்சுது."

தரகர் லாத்தா மாமியைப் பார்த்தாள், மாமி தரையைப் பார்த்தாள்.

"சரி, எழுத்துல இருபத்திமூணுன்னு வெச்சுக்கலாம்" என்றாள் லாத்தா. "எல்லாரும் செய்யறதுதானே. உங்க காலத்துல ஏத்திச் சொன்னாங்க, இப்ப இறக்கிச் சொல்றோம். வயசு என்ன, கோழிமுட்டையா, ஏத்தி இறக்கினா உடையறதுக்கு? பொண்ணோட உம்மான்னு உனக்கு என்ன வயசு எழுதட்டும்?"

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தஞ்சு!" என்றாள் மாமி.

"நாப்பத்தொண்ணு மதினி."

தரகர் லாத்தா விரல் விட்டு எண்ணினாள். நாற்பத்தொன்றில் இருபத்தைந்தைக் கழித்தால் வருகிற எண்ணை அவள் சத்தமாகச் சொல்லவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். "வீட்டுக்குள்ள ஒரு வயசா முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க. நான் இன்னொரு நாள் வர்றேன்."

அவள் தெரு முனையைத் தாண்டிய பிறகு மாமி நடுக்கதவைச் சாத்தினாள்.

"பதிவை எதுக்குக் கேட்ட? படம் யாருக்குப் போச்சு? செம்மண் எங்கேருந்து வந்துச்சு? குழாயைத் தொறந்துவிட்டு எந்த சாரோட பேசற? இன்னைக்குச் சொல்லிரு. உன் புருஷன், உன் மக, நான், மூணு பேரும் இருக்கோம்."

தொட்டிலக்கா கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அதற்குள் இருந்த காகிதத்தைத் தரையில் வைக்காமல் மகள் கையில் கொடுத்தாள். "சத்தமா படி."

பழைய பள்ளிக்கூடத்தின் பதிவேட்டிலிருந்து எடுத்த நகல். மகள் படித்தாள். உம்மாவின் பெயர். பெற்றோர் பெயர். பிறந்த தேதி. ஆறாம் வகுப்பு. பள்ளியை விட்டு நீங்கிய தேதி. நீங்கிய காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் குரல் இறங்கியது.

"பெரிய பெண்ணானதால்."

"ஊருக்கு வெளியில இருக்கற பள்ளிக்கூடம். செம்மண் ரோடு" என்றாள் தொட்டிலக்கா. "மூணு தடவை போனேன். பதிவேடு பாதியைக் கரையான் தின்னுருச்சு. என் பக்கத்தை விட்டு வெச்சிருந்துச்சு. போன்ல பேசினது ஆஸ்பத்திரி கிளார்க்கோட. படம் மூணும் விண்ணப்பத்துல ஒட்டியிருக்கு."

"என்ன விண்ணப்பம்?" என்றார் மெத்தைக்காரர்.

அவள் சொன்னாள். உதவி மருத்துவச்சிப் பயிற்சி, ஒன்றரை வருடம். வார்டில் எட்டு வருடம் வேலை பார்த்தவர்களுக்கு முதல் முறையாக இடம் கொடுக்கிறார்கள். படிப்பைப் பார்க்க மாட்டார்கள், நாற்பத்திரண்டு தாண்டாமல் இருந்தால் போதும். தலைமை நர்ஸ், நீ போ என்றாராம். எனக்கு வயது தாண்டிவிட்டது என்று இவள் சொன்னாளாம். வேலையில் சேர்ந்தபோது நிக்காஹ் பதிவைப் பார்த்துத்தான் வயது எழுதினார்கள். அதன்படி நாற்பத்தைந்து. அப்போது பக்கத்தில் நின்ற கிளார்க், எந்த வருடம் பள்ளிக்கூடம் விட்டீர்கள், மகள் எப்போது பிறந்தாள் என்று கேட்டுவிட்டு, அக்கா, உங்கள் கணக்கு இடிக்கிறதே என்றாராம்.

"அதுவரைக்கும் எனக்கே இடிக்கல" என்றாள். "ஊர்ல பிறக்கற பிள்ளைக்கெல்லாம் மணி பாத்துக் கால்ல கட்டறேன். என் வயசை மத்தவங்க சொன்னாங்க, நான் வெச்சுக்கிட்டேன். பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டரம்மா தேதியைக் காட்டினதும் அங்கயே பெஞ்சுல உக்காந்துட்டேன். பதினாலு. நிக்காஹ் அன்னைக்குப் பதினாலு முடிஞ்சு ரெண்டு மாசம்."

"உம்மா" என்றாள் மகள். "ஜெராக்ஸ் கடையில... நான் பாத்தேன். வேற மாதிரி நினைச்சுட்டேன்."

"ஏன்?"

"சிரிச்சீங்க."

"நாலு வயசு குறையுதுக்கான்னு அந்தக் கிளார்க்குப் பிள்ளை சொன்னான், சிரிச்சேன். சிரிச்சா வேற மாதிரியா?"

மகளுக்கு அழுகை வந்தது. மாமிக்கு வரவில்லை. அவளுக்குச் சந்தேகம் ஒரு இடத்திலிருந்து கிளம்பி இன்னொரு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"இது உன் மூளையில உதிச்சதில்ல. உன் மகதான் ஏத்தி விட்டிருக்கா. இப்ப பதினாலுன்னு எழுதிக் கொடுத்தா என்ன ஆகும்? என் தம்பி கையில விலங்கு மாட்டவா?"

"யாரும் மாட்டல மாமி. இருபத்தேழு வருசம் ஆச்சு."

"உனக்கு என்ன தெரியும்? சின்னப் பொண்ணு."

"இப்ப சின்னப் பொண்ணா? காலையில கிழவியாயிட்ட, எவன் கட்டுவான்னு சொன்னீங்க. நேத்து நைட்டி வாங்கினப்ப சின்னப் பொண்ணு மாதிரி அலையாதேன்னீங்க. ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டும்தான்" என்றாள் மாமி, கொஞ்சம்கூடத் தயங்காமல்.

கேட்டிருந்த நிக்காஹ் பதிவின் நகல் ஆபீஸ் பழைய கோப்பிலேயே கிடைத்துவிட்டது. கிளார்க் சொன்னபடி இன்னும் ஒரு காகிதம் தேவைப்பட்டது. நிக்காஹ் பதிவில் உள்ள வயது சரியல்ல என்று கணவர் வக்கீல் முன்னால் உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். வருகிற சனிக்கிழமை கடைசி நாள்.

தொட்டிலக்கா அவரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா? அன்னைக்கு."

"என்ன தெரியும்?"

"பதினாலுன்னு."

"எனக்கு எப்படித் தெரியும்? ராத்தா பதினெட்டுன்னு சொன்னாங்க, உன் வாப்பா தலையாட்டினார். நான் முகத்தைக்கூடப் பாக்கல" என்றார். சொல்லிவிட்டுப் பஞ்சுக்குப் போய்விட்டார்.

அடுத்த நான்கு நாளும் வீட்டில் சோறு பொங்கியது, முட்டை பொரிந்தது, யாரும் ருசி சொல்லவில்லை. மாமி தொட்டிலக்காவின் போனைக் கண்ணால் பின்தொடர்ந்தாள். தொட்டிலக்கா மாமியின் சாவிக்கொத்தைப் பின்தொடர்ந்தாள். அந்தப் பிளாஸ்டிக் உறையை வீட்டில் வைக்காமல் டியூட்டிக்கும் எடுத்துப் போனாள். குளிக்கப் போகும்போதுகூடக் குளியலறைக் கம்பியில் மாட்டிக்கொண்டாள். ஒன்றாக இருபத்தேழு வருடம் ஒரே பானையில் சாப்பிட்ட வீட்டில் ஒரு காகிதம் காணாமல் போய்விடும் என்று பயந்தாள். பயந்ததில் தப்பும் இல்லை. வியாழக்கிழமை அவள் அஸர் தொழுதுகொண்டிருக்கையில் மாமி கைப்பையைத் திறந்து பார்த்தாள். உறை அங்கே இல்லை, தொழுகை விரிப்புக்கு அடியில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மெத்தைக்காரர் மூக்குத் துணியை அவிழ்த்துவிட்டு, "நாளைக்கு வக்கீல்கிட்டப் போகலாம்" என்றார். மகள் முந்தின நாள் அவரிடம் தனியாக என்ன பேசினாள் என்பது யாருக்கும் தெரியாது. அவர் கண் வீங்கியிருந்தது, பஞ்சுத் தூசி என்றார்.

"நானும் வர்றேன்" என்றாள் மாமி. "வயசு சொன்னவ நான்தானே." தம்பி எதில் கையெழுத்துப் போடுகிறான் என்று பார்க்காமல் விடக்கூடாது என்பது அவள் எண்ணம்.

வக்கீல் அறை ஒரு பேனாக் கடையின் மாடியில். கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கியது. சுவரெல்லாம் ஈரம் படர்ந்து வீங்கியிருந்தது. வக்கீல் வயதானவர், பேசிக்கொண்டே கம்ப்யூட்டரில் இரண்டு விரலால் தட்டினார். மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் மெத்தைக்காரர்.

"சாதாரண விஷயம்" என்றார் வக்கீல். "ஒரே பக்கம்." அச்சடித்து எடுத்துப் படித்துக் காட்டினார். "எங்கள் திருமணப் பதிவில் என் மனைவியின் வயது பதினெட்டு எனத் தவறுதலாகப் பதிவாகிவிட்டது. இது எனக்குச் சமீபத்தில்தான் தெரியவந்தது. பள்ளிச் சான்றின்படி... அப்படியே போகுது. கீழே கையெழுத்து."

மெத்தைக்காரர் பேனாவை எடுத்தார்.

"கொடுங்க" என்று தொட்டிலக்கா காகிதத்தை வாங்கினாள். ஆறாம் வகுப்புப் படிப்பு. விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தாள். வக்கீல் மணியைப் பார்த்தார். அவள் விரல் ஒரு இடத்தில் நின்றது.

"தவறுதலான்னு இருக்கே சார்."

"ஆமாம்மா. அப்படித்தான் எழுதணும்."

"தவறுதலா நடக்கலையே. கையில இருந்து தட்டு விழுந்தா தவறுதல். இது சொல்லித்தானே எழுதினாங்க."

"அம்மா, உங்களுக்கு வயசு சரியாகணும், அவ்வளவுதானே? இந்த வார்த்தை இருந்தா யாருக்கும் தொந்தரவு இல்ல. எல்லாருக்கும் பாதுகாப்பு."

"எனக்கு இது பாதுகாப்பு இல்ல சார். தவறுதல்னா யாரும் செய்யலன்னு ஆயிரும்."

"கடைசி நாள் இன்னைக்கு" என்றார் மெத்தைக்காரர் மெல்ல. "ஒரு வார்த்தைதானே."

"ஒரு வார்த்தைதான். உங்களுக்குத் தெரியாதுன்னா இருக்கட்டும். இந்த வரி அப்படியே இருக்கட்டும். தெரியாதுன்னு இங்க வெச்சுச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். மழை ஜன்னல் தகரத்தில் அடித்தது. சொல் வருவதற்குள் மாமி பேசிவிட்டாள். தம்பியைக் காப்பாற்றத்தான் பேச ஆரம்பித்தாள். எப்போதும் போல எரிச்சலோடு.

"அவனுக்கு எப்படிம்மா தெரியும்? நான்தானே பக்கத்துல இருந்து பாத்தேன். வந்த வருசம் கொண்டுவந்த பாவாடை ஆறும் கணுக்காலுக்கு மேல ஏறிப் போச்சு. நான்தான் ஓரம் பிரிச்சு விட்டேன். அடுத்த வருசம் மறுபடி பிரிச்சேன். பிரிக்க மடிப்பே இல்லாம, மெத்தை உறைத் துணியில ஒரு சாண் ஒட்டுப் போட்டேன். பிள்ளை வயித்துல இருக்கும்போதும் வளத்தி நிக்கல இவளுக்கு. என்னடா இது, பதினெட்டு வயசுப் பொண்ணு எங்கயாச்சும் இப்படி..."

அங்கே அவள் வாய் நின்றது. தான் சொன்னதைத் தானே கேட்டுக்கொண்டது போல முகம் மாறியது. வக்கீலின் இரண்டு விரலும் தட்டாமல் அந்தரத்தில் இருந்தன.

தொட்டிலக்கா கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோளுக்குத்தான் இருந்தா" என்றார் மெத்தைக்காரர். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "வந்தப்ப. பிள்ளை பொறந்து எந்திரிச்சு நிக்கிறா, என் காது வரைக்கும் வந்துட்டா. நான் பாத்தேன். ராத்தாகிட்டக் கேக்கணும்னு நினைச்சேன். கேட்டா பதில் சொல்லிருவாங்களேன்னு கேக்கல."

பேனாவின் மூடியைத் திறந்து, அந்த வார்த்தையின் மேல் கோடு போட்டார். கோடு காகிதத்தைக் கிழித்துவிட்டது.

"அழிச்சிருங்க சார். எனக்குத் தெரியும்னு எழுதுங்க. பதினாலுன்னு அன்னைக்குத் தெரியாது. ஆனா பதினெட்டு இல்லன்னு தெரியும்."

"யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்கு யாராவது எடுத்துக் கேட்டா—"

"கேக்கட்டும்."

வக்கீல் மாமியைப் பார்த்தார். தடுப்பாள் என்று எதிர்பார்த்தார். மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சாட்சி வேணும்னா என் கைநாட்டையும் வாங்கிக்கங்க. சொன்னவ நான்தான்" என்றாள். "ஆனா இவ வாப்பாவும் தலையாட்டினார். அதையும் சேத்துக்கங்க. நான் மட்டும் எதுக்கு?"

காகிதம் அன்று மாலை நாலரை மணிக்கு ஆஸ்பத்திரி ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. கிளார்க் படித்துவிட்டு, "அக்கா, இவ்வளவு தேவையில்லையே. தவறுதலான்னு போட்டிருந்தாலே போதுமே" என்றார்.

"எனக்குத் தேவை தம்பி" என்றாள் தொட்டிலக்கா.

யாரும் எடுத்துக் கேட்கவில்லை. விலங்கோடு யாரும் வரவில்லை. ஆறாவது வாரம் ஆர்டர் வந்தது. மழைக்குப் பிறகு வெயில் ஏறிய ஒரு திங்கட்கிழமை தொட்டிலக்கா பயிற்சியில் சேர்ந்தாள். அவளோடு இருபத்தொரு பேர், பாதிப் பேர் மகள் வயது. முதல் நாள் பெயர் கூப்பிடும்போது வயதையும் சேர்த்துப் படித்தார்களாம். நாற்பத்தொன்று என்றதும் எழுந்து நின்றவள், உட்காரச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் நின்றாளாம். இதை மகள்தான் சொன்னாள். மகளே தன் சம்பந்தப் பேச்சைத் தரகர் லாத்தாவிடம் நேரில் போய் நிறுத்திவிட்டு வந்தாள். பார்க்கிறவன் வரட்டும், இருபத்தைந்து என்றே சொல்லுங்கள், இல்லாவிட்டால் சொல்லாதீர்கள் என்றாளாம். லாத்தா, உன் வீட்டில் எல்லோருக்கும் கணக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று திட்டினாளாம்.

மெத்தைக்காரர் முன்னறையில் படுக்க ஆரம்பித்தார். தொட்டிலக்கா சொல்லித்தான். சண்டை போட்டுச் சொல்லவில்லை. "கொஞ்ச நாளைக்கு நீங்க அங்க படுங்க, எனக்கு நிறையப் படிக்க இருக்கு" என்றாள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை. காலையில் அவள் கிளம்பும்முன் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கைப்பைக்குப் பக்கத்தில் வைப்பார். அவள் எடுத்துப் போவாள். சில நாள் மறந்தும் போவாள்.

மாமியின் சந்தேகம் மட்டும் ஒழியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மொட்டைமாடியில் பஞ்சைக் காயப் போட்டுக் காக்கைக்குக் காவல் உட்கார்ந்திருந்தாள். தொட்டிலக்கா நிழலில் பாடப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். மாமி எட்டிப் பார்த்தாள். படத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினாள், மறுபடி பார்த்தாள்.

"கர்மம். இதெல்லாமா படிக்க வைக்கறாங்க?"

"அது குழந்தையோட தாடை மதினி. பல் எப்ப முளைக்கும், எப்ப விழும்னு."

"ஓ." மாமி ஒரு பஞ்சுக் கட்டியை எடுத்துப் பிய்த்தாள். வெகுநேரம் பிய்த்தாள். "பள்ளிக்கூடத்துப் பதிவேட்டுல என் பேரும் இருக்குமா?"

"நீங்க பள்ளிக்கூடம் போனீங்களா?"

"போகல."

"அப்ப இருக்காது."

"அப்ப எங்க இருக்கும்?"

தொட்டிலக்கா புத்தகத்தை மூடினாள். "உங்களுக்கு என்ன வயசுன்னு சொல்லுவாங்க?"

"அறுபத்தஞ்சு. பத்து வருசமா அறுபத்தஞ்சுதான் சொல்றேன்."

"நிக்காஹ் ஆனப்ப என்ன வயசு?"

"பெரிய மனுஷியாகி ஆறு மாசம். பதிமூணுன்னு உம்மா சொல்லுவாங்க. தம்பி அன்னைக்கு என் பக்கத்துலயே உக்காந்திருந்தான். முன்பல் ரெண்டும் இல்ல, சிரிச்சா ஓட்டை. அதை வெச்சு எல்லாரும் கேலி பண்ணினாங்க."

"முன்பல் விழறது ஆறு வயசுல." தொட்டிலக்கா நோட்டை எடுத்தாள். "அப்ப நீங்க அவரை விட ஏழு வயசு மூத்தவங்க. அவருக்கு அம்பத்தொண்ணு. உங்களுக்கு அம்பத்தெட்டு மதினி."

"விளையாடாத."

"கணக்குத்தான் மதினி. உங்க வீட்டுக்காரர் மவுத்தானது எப்ப?"

"தம்பி ஏழாங்கிளாஸ் முழுப்பரீட்சை எழுதிட்டு வந்த அன்னைக்கு. பையைக்கூட இறக்கி வெக்கல, சேதி வந்துச்சு."

"ஏழாங்கிளாஸ்னா பன்னெண்டு. பன்னெண்டும் ஏழும்..." எழுதுவதற்குள்ளேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாமிக்கும் தெரிந்திருக்க வேண்டும். கையில் இருந்த பஞ்சை அவள் கீழே விடவில்லை.

"அடுத்த வருசம் ஒருத்தர் கேட்டு வந்தாரு" என்றாள் மாமி. "நல்ல மனுஷன்னு சொன்னாங்க. பள்ளிவாசல் ஆலிம்சாகூட வந்து, மார்க்கத்துல தடையில்லையே, பிள்ளையைக் கொடுங்கன்னு சொன்னார். வாப்பாதான் வேணாம்னுட்டாங்க. அவளுக்கு வயசு போயிருச்சு, இனிமே எதுக்கு நிக்காஹ், வீட்ல இருந்து தம்பியைப் பாக்கட்டும்னாங்க. நான் அடுப்படியில கேட்டுக்கிட்டு இருந்தேன். ஆமா, போயிருச்சுன்னுதான் நானும் நினைச்சேன்."

காக்கை ஒன்று வந்து பஞ்சின் மேல் உட்கார்ந்தது. மாமி விரட்டவில்லை.

"எவ்வளவு வருது?"

"பத்தொன்பது மதினி. அவர் கேட்டு வந்தப்ப இருபது."

மாமி நோட்டை இழுத்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் மேலிருந்து கீழ்வரை சந்தேகத்தோடு பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கயோ தப்பிருக்கு. இன்னொரு தடவை கூட்டு. மெதுவாக் கூட்டு."

தொட்டிலக்கா புதுப் பக்கம் திருப்பி, முதலில் பன்னிரண்டு என்று எழுதினாள்.